தொடங்குமுன் முடிந்த வேலை

சிப் பரிசோதனைத் துறையில் பதினோரு ஆண்டுகளாக ஒரு பிழைகூட இல்லை. பிழைப் பதிவேடு என்று தடித்த புத்தகம் ஒன்று உண்டு. அதன் பக்கங்கள் கடையிலிருந்து வாங்கி வந்த நாளின் வெண்மை மாறாமல் இருந்தன. அதற்காகத் துறைக்கு இரண்டு முறை கேடயம் வழங்கப்பட்டிருக்கிறது. காரணம் எளிது. பிழையை யார் கண்டு எழுதுகிறாரோ, அது தீரும்வரை அவர் பெயரிலேயே நிற்கும் என்பது அங்கே விதி. பெயரில் பிழை நிற்பவருக்கு விடுப்பு, பதவி உயர்வு, இடமாற்றம் எதுவும் கிடையாது. ஆகவே அங்கிருந்த நாற்பது பேருக்கும் வேலை நேரத்தில் மட்டும் பார்வை சற்று மங்கலாகிவிடும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தாள் துருவி. பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. எதையும் துருவித் துருவிக் கேட்டதால் அலுவலகம் கொடுத்த பட்டம். அவள் கணவனும் ஐந்து வயது மகளும் ரயிலில் பதினான்கு மணி நேரத் தொலைவில் இருந்தார்கள். அவர்கள் இருக்கும் ஊருக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஒரு கையெழுத்துக்காகத் தவம் கிடந்தாள்.

தொழிற்சாலையில் ஒரு சிப்பைச் செய்வதற்கு முன், அதைப் போலவே நடிக்கும் மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது அந்தத் துறையின் வேலை. சிமுலேட்டர் என்பார்கள். அதற்குள், பின்னால் சிப்பிலும் அப்படியே போய் உட்காரப்போகும் ஒரு கடிகாரம் விநாடியை நூறு கோடித் துண்டாக்கி எண்ணிக்கொண்டே போகும். எண்ணை வைக்க ஒதுக்கிய இடமோ சிறியது. இருநூற்றுப் பதினான்கு கோடியே சொச்சத்தைத் தாண்டினால் கொள்ளாமல் புரண்டு, கழித்தல் பக்கம் விழுந்துவிடும். ஒருநாள் புது சிப் ஒன்று இரண்டு விநாடிக்கு மேல் ஓடித் தொலைத்தது. அறிக்கை வந்தது: ‘தொடங்கிய நேரம் பூஜ்ஜியம். முடிந்த நேரம் கழித்தல் இரண்டு விநாடி.’

நாற்பது பேரும் பார்த்தார்கள். நாற்பது பேரும் டீ குடிக்கப் போனார்கள். துருவி மட்டும் பதிவேட்டைக் கேட்டு வாங்கி எழுதினாள். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான்.

“என்னம்மா இது!” கண்காணிப்பாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “பதினோரு வருஷம் கட்டிக் காத்த பதிவேடு!”

“ஒரே ஒரு வரிதான் சார். அந்த எண்ணுக்குப் பெரிய இடமா ஒதுக்கிட்டாச் சரியாயிடும்.”

“பெரிய இடமா? ஜன்னல் பக்கம் மேசை கேட்டு நானே ஆறு வருஷமா நடக்கிறேன். ஒரு எண்ணுக்கு மட்டும் சிபாரிசு பண்ணினா மத்த எண்ணெல்லாம் சும்மா இருக்குமா?”

கோப்பு இயக்குநரிடம் போனது, கூடவே துருவியும். படித்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“தொடங்குறதுக்கு ரெண்டு விநாடி முன்னாடியே முடிஞ்சிருக்கா?”

“இல்ல சார், கடிகாரம் புரண்டு...”

“உலகத்துல வேற எவனாவது இப்படி முடிச்சிருக்கானா?”

“முடிக்கவே முடியாது சார்!”

“அதைத்தான் நானும் சொல்றேன். எவனாலயும் முடியாததை நாம முடிச்சிருக்கோம்.”

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. ‘அனைத்துப் பிரிவினரும் தத்தம் பணிகளைத் தொடங்குவதற்கு முன்பே செவ்வனே முடித்து, விவரத்தை உரிய படிவத்தில் சமர்ப்பிக்குமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறார்கள்.’ முன்முடிப்பு என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. பித்துப் பிடித்தாற்போல அலுவலகமே அதன் பின்னால் ஓடியது. கட்டடப் பிரிவு, இன்னும் வாங்காத நிலத்தில் நின்ற மூன்று மாடிக்கு நிறைவுச் சான்றிதழ் பெற்றது. ஊழியர்கள் காலையில் வெளியே போகும் கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். வரவேற்பறைப் பெண் வராத விருந்தாளிகளை வாசல்வரை போய் வழியனுப்பினாள். முன்முடிப்பை ஆராய அமைத்த குழு, உறுப்பினர்களை நியமிப்பதற்குள் அறிக்கை தந்துவிட்டுக் கலைந்தது.

துருவியின் மாற்றல் மட்டும் முன்னாலும் முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை. அவள் பெயரில்தான் பிழை நிற்கிறதே.

“எப்பம்மா வருவ?” என்றாள் மகள், போனில்.

“ஒரு பிழை இருக்கு கண்ணு. அது தீர்ந்ததும் வந்துடுவேன்.”

“நீ தப்பு பண்ணினியா?”

“இல்லடா, பாத்தேன்.”

சொன்னதும் துருவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேரே போய் அந்த ஒரு வரியை மாற்றினாள். சிப் மறுபடி ஓடியது; இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேல் என்று கடிகாரம் ஒழுங்காகச் சொன்னது. துள்ளிக் குதித்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் ஓடினாள்.

“தீர்ந்துடுச்சு சார்! இனிமே இருநூத்தித் தொண்ணூத்திரண்டு வருஷம் ஓடினாலும் புரளாது.”

“அப்புறம்?”

“அப்புறம்... மறுபடி புரளும்.”

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்து, வாய்விட்டுப் படித்தபடியே எழுதினார். “பிழை தீரவில்லை. இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. அதுவரை கண்டவர் பெயரில் நிலுவை.”

“அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கணுமா சார்?”

“விதியில வயசு வரம்பு எதுவும் போடலையேம்மா.”

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது போலும். அவரும் பிள்ளை குட்டிக்காரர். குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கு. வரியைப் பழையபடி மாத்திடு. இது பிழையில்ல, சிறப்பம்சம்னு எழுதிக் குடு. சிறப்பம்சத்துக்கு நிலுவை கிடையாது.”

துருவி பத்து நிமிஷம் மனசாட்சியோடு மல்லுக்கட்டினாள். பிறகு மகளை நினைத்துக்கொண்டு எழுதினாள்: ‘காலத்தை முந்துவது இச்சிப்பின் தனிச்சிறப்பு.’ சாயங்காலத்துக்குள் கையெழுத்து விழுந்தது. சிப் லட்சக்கணக்கில் விற்றது.

ஆறு மாதம் போயிற்று. வேலை முடிந்து வீடு திரும்பிய துருவி, அடுக்குமாடியின் புத்தம்புது லிஃப்டில் ஐந்தாம் மாடிப் பொத்தானை அழுத்தினாள். கூடவே அக்கம்பக்கத்தார் நான்கு பேர். கதவு மூடியது. ‘ஐந்தாம் மாடி வந்துவிட்டது. நன்றி’ என்று எழுத்து ஒளிர்ந்தது. லிஃப்ட் அசையவில்லை, கதவும் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். வேர்த்துக் கொட்டியது. ஐந்து நிமிஷமாயிற்று, பத்து நிமிஷமாயிற்று. அபாய மணிக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அறிவிப்பு: ‘மணி அடிப்பவரின் பெயரும் வீட்டு எண்ணும் பதிவு செய்யப்படும்.’

“யாராவது அடிங்களேன்” என்றார் எதிர்வீட்டுக்காரர், கூரையைப் பார்த்தபடி.

மணிக்குக் கிட்டே நின்றவள் துருவிதான். மேலே மகள் காத்திருப்பாள். கையை உயர்த்தினாள், அறிவிப்பை இன்னொரு தரம் படித்தாள், உயர்த்திய கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“எதுக்குங்க?” என்றாள். “வந்துட்டோம்னுதானே போட்டிருக்கு.”

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.