நான்கு ஹைட்ரஜனும் ஒரு நிச்சயதார்த்தமும்

வரிச்சிக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

புதுச்சேரியில் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கும் மைத்துனர் சிவக்குமாருக்கு, அத்தான் தெட்சிணாமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே பயிரும் மாடும் சுகம். மனிதர்களைப் பற்றிச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது. நாக்கு வெந்து கிடப்பதால் போனில் பேச வழியில்லை.

வெள்ளிக்கிழமை நம் தேவிகாவின் நிச்சயதார்த்தம். லீவு கிடைக்காமல் நீங்கள் வராததும் நல்லதுதான். வந்திருந்தால் கண்ணால் பார்த்திருப்பீர்கள். பூவத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். நானும் சம்பந்தி நவநீதனுக்கு ஈடுகொடுத்துத் தயிர்சாதத்துக்கு ஊறுகாயை அள்ளி அள்ளித் தின்றுவிட்டு, கை கழுவப் போனவன் சும்மா இருக்காமல் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அசிட்டிக் அமிலம் சேர்த்திருக்கிறதாம்! போன வாரம்தான் தேவிகா டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: ஓர் அமிலம் எத்தனை ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்குமோ அதுதான் அதன் காரத்துவம், சல்பூரிக் அமிலத்துக்கு இரண்டு, அசிட்டிக் அமிலத்தில் நான்கு ஹைட்ரஜன் இருக்கிறது, ஆனால்... அதற்குள் நான் மோட்டாரை நிறுத்த எழுந்து போய்விட்டேன். இன்வெர்ட்டர் பேட்டரியின் சல்பூரிக் இரண்டை வைத்துக்கொண்டே என் வேட்டியைச் சல்லடை ஆக்கியது. நான்கு உள்ளே போனால் குடல் என்னத்துக்கு ஆகும்?

அமிலத்தைக் காரம் அடக்கும் என்பதும் அவள் நடத்திய பாடம்தான். சுண்ணாம்பின் அமிலத்துவம் இரண்டு, அதாவது அது விடுகிற ஹைட்ராக்சைடு இரண்டு. நான்குக்கு இரட்டைப் பங்கு வேண்டுமே! தாம்பூலத் தட்டிலிருந்த சுண்ணாம்பை இரண்டு விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் பற்றி எரிகிறது, கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அந்த நேரம் பார்த்துத் தட்டு மாற்ற உட்கார்த்திவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவன் வாயால் சம்மதம் சொன்னால்தானே தட்டு கைமாறும்? “சொல்லுங்க சம்பந்தி, பொண்ணக் குடுக்க சம்மதந்தானே?” என்றார் நவநீதன். நான் எரிச்சல் தாங்காமல் தலையை ஆட்டினேன். அது குறுக்குவாட்டில் ஆடித் தொலைத்தது. “அவருக்கு இஷ்டமில்ல போலருக்கு, எந்திரிங்க” என்று மாப்பிள்ளையின் அத்தை சொல்ல, கொண்டுவந்த தட்டுகளோடு எல்லாரும் வேனில் ஏறிவிட்டார்கள்.

பிறகுதான் தேவிகா சொன்னாள்: “அதுல நாலு இருந்தாலும் வுடுறது ஒண்ணுதாம்ப்பா. காரத்துவம் ஒண்ணு. அதுவும் எண்ணிக்கைதான், வீரியம் இல்ல. ஊறுகா ஒண்ணும் பண்ணல, சுண்ணாம்புதான் வாய வேவ வச்சிருக்கு.” அதோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்கள் அக்கா சொர்ணாம்பாளோ, “நெசத்தச் சொன்னா, சுண்ணாம்பத் தின்ன ஆளு வூட்டுலயா பொண்ணு எடுப்பாங்க?” என்கிறாள். என் முட்டாள்தனத்தால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடுமோ என்று பயந்து சாகிறேன். தாய்மாமன் நீங்கள்தான் பூவத்துக்குப் போய், எனக்குப் பல்வலி என்று ஏதாவது சொல்லிக் காரியத்தைக் காப்பாற்ற வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. ஊறுகாய் பாட்டிலில் எழுதியிருப்பதை யாரும் படிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அத்தான் தெட்சிணாமூர்த்தி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது சம்பந்தியே தட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “பொண்ணப் பிரியிற துக்கத்துல ஒங்களுக்கு வாய் வரலன்னு வூட்டுக்குப் போயித்தான் ஒறச்சிது. என் மவள அனுப்புனப்ப நானும் இப்புடித்தான் நின்னேன்” என்றார். தட்டு மாற்றியாயிற்று, பல்வலி வேண்டாம். அதெல்லாம் இல்லை, சுண்ணாம்பு என்று அவரிடம் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. போனில் பேச வழியில்லை என்று மேலே எழுதியது வெட்கத்தில் சொன்ன சாக்கு; நாக்கு நேற்றே ஆறிவிட்டது.