லிங்கம்மா போட்ட ஒன்று

லிங்கம்மாவின் கோப்பில் நாலு வருஷத்துக்கும் ஐந்து, ஐந்து, ஐந்து என்றே இருந்தது. நடுவில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் ஒன்று. ஹில்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். ஒன்றுதான்.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் மனநல ஆலோசனை மையத்தில் பதிவேடுகள் அவள் பொறுப்பு. ஆலோசனை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஒரு சீட்டில் தங்கள் மனபாரத்துக்கு எண் போட வேண்டும். ஒன்று என்றால் பாரம் இறங்கிவிட்டது; ஐந்து என்றால் தாங்க முடியவில்லை. ஹில்டா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஏற்றிய எண்ணை இத்தனை வருஷத்தில் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. இந்த வாரம் சாஃப்ட்வேரைப் புதுப்பித்து, பழைய எண்களையெல்லாம் பூஜ்யத்திலிருந்து பத்து வரை என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றி முடித்ததும், யாரும் கேட்காமலே அது வரைபடம் போட்டுக் காட்டியது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மையத்தில் ஆலோசகர்கள் இரண்டு பேர். சிவகுமார் சாரிடம் போனவர்களின் கோடு இரண்டே வாரத்தில் சர்ரென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. சுலோசனா மேடத்திடம் போனவர்களின் கோடோ துணி காயப்போடும் கொடி மாதிரி உச்சியிலேயே நின்றது. அடுத்த வருஷத்திலிருந்து ஒரே ஒரு ஆலோசகருக்குத்தான் இடம். யாருக்கு என்பதை டிரஸ்ட் செயலாளர் கமலம்மாள் வெள்ளிக்கிழமை வந்து, இந்த வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு.

ஹில்டாவுக்குச் சுலோசனா மேடம் என்றால் உயிர். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்க்காத மனுஷி அவர். அவரிடம் போய் ஒருத்தருக்குமா சரியாகவில்லை?

அதோடு, லிங்கம்மாவின் அந்த ஒன்று வேறு அவளைக் குடைந்தது. சீட்டுக் கட்டைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்த்தாள். மேடம் லீவில் இருந்த செவ்வாய் அது. அன்று லிங்கம்மாவைப் பார்த்தவர் சிவகுமார் சார். மேடம் வந்ததும், அடுத்த செவ்வாயிலிருந்து மறுபடியும் ஐந்து.

இதைக் கேட்ட சிவகுமார் சாருக்கு முகமெல்லாம் பல். "நாலு வருஷத்துப் பாரம். ஒரே சிட்டிங்ல இறக்கி வச்சேன், நோட் பண்ணிக்கோ" என்றார்.

ஹில்டா நோட் பண்ணவில்லை, யோசித்தாள். நம் ஜனங்களுக்கு எண் என்றாலே பரீட்சை மார்க்தான். ஐந்துக்கு ஐந்து என்றால் நல்லது என்று நினைத்து மேடத்துக்கு மார்க் போட்டுத் தள்ளியிருப்பார்கள். இப்படித் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வியாழக்கிழமை சாயங்காலம் மேடத்தின் கோப்புகளை மட்டும் தலைகீழாக, பத்தைப் பூஜ்யமாகத் திருப்பினாள். கொடி அறுந்து தரையில் விழுந்தது. திருப்தியோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

புது சாஃப்ட்வேருக்கு ஒரு சமர்த்து உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. பூஜ்யத்தைக் கண்டால் அது கோப்பை மூடிவிடும். மூடிய கையோடு ஒரு மெசேஜும் அனுப்பும்: 'உங்கள் மனபாரம் நீங்கியது. வாழ்த்துகள். இனி நீங்கள் வரத் தேவையில்லை.'

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் நாற்பத்தொரு பேர் நின்றார்கள். முன்னால் நின்றது லிங்கம்மா. கொள்ளேகால்காரி, தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலைக் கடை. கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தாள்.

"எனக்குச் செரியாயிப்போச்சுன்னு யாருங்க அம்மிணி சொன்னது? எனக்கு ஒண்ணுமே செரியாவுலீங்க" என்று போனை நீட்டினாள். பின்னால் இருந்த நாற்பது பேரும் தங்களுக்கும் ஆகவில்லை என்றார்கள்.

செயலாளர் பதினோரு மணிக்கு வருகிறார். ஹில்டா ஓடிப்போய், திருப்பியதை மறுபடி திருப்பினாள். அவசரத்தில் 'சுலோசனா' என்பதற்குப் பதில் 'அனைவரும்' என்பதில் அழுத்திவிட்டாள். மேடத்தின் கொடி உச்சிக்குப் போனது சரி. சிவகுமார் சாரால் குணமான நூற்று அறுபது பேரும் கூடவே பத்துக்கு ஏறினார்கள். அவர்களுக்கும் மெசேஜ் போனது: 'உங்கள் நிலை கவலை தருகிறது. சிவகுமார் அவர்களை உடனே வந்து சந்திக்கவும்.'

ஒருவரும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஹில்டா ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். பாதிப் போன்கள் அணைந்திருந்தன. எடுத்த ஒருவர், தான் அவரில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். குணமானவர்கள் எதற்கு வரப்போகிறார்கள் என்று சிவகுமார் சார் பெருந்தன்மையாகச் சிரித்தார். அவர் எண்களை அவள் பழையபடி வைத்து முடிக்கவும் கமலம்மாளின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

கமலம்மாள் நாற்பத்தொரு பேரையும் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வரைபடத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார்.

"சுலோசனா, இவங்களுக்கெல்லாம் இத்தனை வருஷத்துல ஒரு சொட்டுகூடக் குறையலையா?"

"எண் அப்படித்தான் சொல்லுதுங்க" என்றார் சுலோசனா. அவருக்கே அது புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஆய்த்து, முடிஞ்சுது. அப்போ சிவகுமார்தான்."

ஹில்டா குறுக்கே புகுந்து எல்லாத் தப்பையும் ஒத்துக்கொண்டாள். மெசேஜ் அனுப்பியது தான்தான், கூட்டம் கூடியதும் தன்னால்தான் என்றாள். கூட்டம் இல்லாவிட்டாலும் எண் இருக்கிறதே என்றார் கமலம்மாள். தன் கையாலேயே மேடத்தைக் கவிழ்த்துவிட்டோம் என்று ஹில்டா நொந்துகொண்டாள். ஆனாலும் அந்த ஒன்று மட்டும் அவளை விடவில்லை. வேலை போனாலும் போகட்டும், இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று வாசலுக்குப் போய் லிங்கம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

"லிங்கம்மா, நாலு வருஷமா அஞ்சே போட்டீங்க. சார்கிட்ட உட்கார்ந்த அன்னிக்கு மட்டும் ஒண்ணு போட்டீங்க. ஏன்?"

சிவகுமார் சார் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

லிங்கம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி ஹில்டாவிடம் சொன்னாள்:

"அஞ்சு போட்டாத்தானுங்க அம்மிணி மறுவாரமும் வரச் சொல்லுவாங்க; அந்த ஐயாகிட்ட ஒண்ணு போட்டுத்தான் தப்பிச்சு வந்தேன்."