புளியில்லாத ரசம்

"ஊதுடா" என்றார் ஏட்டு கிருஷ்ணப்பன்.

பிலவேந்திரன் ஊதினான். காலையில் குடித்த டீயைத் தவிர அவன் வாயில் வேறு வாசம் கிடையாது. பிறந்ததிலிருந்து கள்ளைக்கூடத் தொட்டதில்லை. மாதாகோயில் சாமியாரின் ஜீப்பை ஓட்டுகிறவனுக்கு அந்த அளவு பயபக்தியாவது வேண்டாமா?

அறுபத்தெட்டாம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் காலை அது. மதுவிலக்கு கறாராக அமலில் இருந்தது; குடிக்கிறவர்களும் கறாராகக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பண்டிகைக் காலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களை ஒருவர் விடாமல் பிடிக்கும்படி மேலிடத்து உத்தரவு. அதனால்தான் பாப்பிரெட்டிப்பட்டி போகிற சாலையில், ராமக்காள் டீக்கடைக்கு எதிரே, ஏட்டும் கான்ஸ்டபிள் மாதுவும் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"வெறும் டீ" என்றார் ஏட்டு, ஏமாந்துபோன முகத்தோடு. "சீட்டுக்கு அடியில என்னடா பாட்டிலு?"

"ரசம்ங்க."

"ரசமா? சோத்துக்கு ஊத்திக்கறதா?"

"இல்லீங்க, திராட்சை ரசம். பூசைக்கு. எங்க கோயில்ல இருந்த பாட்டிலு ஒடைஞ்சு போச்சுங்க. தருமபுரி போய் வாங்கிட்டு வர்றேன். ஒம்பது மணிக்குப் பூசை, ஊரே காத்துக்கிட்டு இருக்குது. இது போய்ச் சேரலைன்னா பூசையே இல்லீங்க."

மாது தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டய்யா, இந்த ரசத்துல புளியே இல்லீங்க!"

"அதுக்கு லைசென்சு இருக்குதுங்க" என்று பதறினான் பிலவேந்திரன். "சாமியார்கிட்ட இருக்குது."

"சாமியாரு எங்க?"

"கோயில்லங்க."

"லைசென்சு கோயில்ல இருக்குது, பாட்டிலு ரோட்டுல இருக்குது. எப்படிறா செல்லும்?"

அப்போது ஒரு லாரி, சாலையின் இரண்டு ஓரத்தையும் தொட்டுத் தொட்டு வந்து நின்றது. அதன் டிரைவர் ஊதியதும் ஏட்டு தள்ளிப்போய் நின்றார். மாது லாரிக்குள் ஏறித் துழாவிவிட்டு, "ஒண்ணுமில்லீங்க" என்று உதட்டைப் பிதுக்கினான்.

"சரி, ஓரமாப் பாத்துப் போப்பா. நல்ல நாளு" என்று வழியனுப்பினார் ஏட்டு.

பிலவேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. "அந்தாளு ஸ்டீரிங்கையே தேடிக்கிட்டு இருக்கறான், அவனை வுட்டுட்டீங்களே!"

"அவன்கிட்ட சாட்சி இல்ல. உங்கிட்ட பாட்டிலு இருக்குது."

"ஐயா, இது போதைக்கு இல்லீங்க. சாமி சமாச்சாரம்."

"அப்பிடியா? ஒரு வாய் குடிச்சுக் காட்டு, பாப்போம்."

குடித்துக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிய பிலவேந்திரன், மனசுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தான். புரையேறியது.

"இப்ப ஊது."

ஊதினான்.

"அடிக்குது! குடிச்சிட்டு வண்டி ஓட்டுன கேஸு" என்றார் ஏட்டு.

"நீங்கதானேங்க குடிக்கச் சொன்னீங்க! ஐயா, சாமியாரு பூசை வச்சா இது ஏசுவோட ரத்தம் ஆயிடும்ங்க. அதுல போயி வெளையாடறீங்களே!"

"ரத்தமா?" மாது குனிந்து ஜீப்பின் பம்பரைத் தடவிப் பார்த்தான். "ஏட்டய்யா, இவன் ஆளையும் அடிச்சிருக்கான். பேரு ஏசுவாம். எந்த ஊருன்னு கேளுங்க."

பிலவேந்திரன் தலையில் கைவைத்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏட்டுக்கு எங்கிருந்தோ தயவு பிறந்தது.

"பண்டிகையும் அதுவுமா கேஸு எதுக்கு? பாட்டிலை வச்சிட்டு வண்டியை எடு."

"கேஸே போடுங்கய்யா! என்னைப் புடிச்சு உள்ள வைங்க. பாட்டிலை மட்டும் ஊருக்கு அனுப்பிடுங்க!"

"பாத்தியா, குடிகாரன் பேச்சு" என்று மாதுவிடம் சொல்லிவிட்டு, அந்தக் குடிகாரனையே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார் ஏட்டு.

வெறுங்கையோடு போய் ஊர் முகத்தில் எப்படி விழிப்பது? பிலவேந்திரன் எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்தான். அங்கே ராமக்காள், மாது கேட்டுவிட்டுப் போன இரண்டு கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சவனை வுட்டுட்டாங்க, குடிக்காதவனைப் புடிச்சிட்டாங்க. இது என்னங்கக்கா நாயம்?"

ராமக்காள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"காத்தாலேருந்து இவங்க மோந்து மோந்து தேடறது குடிச்சவனை இல்லப்பா, மிச்சம் வச்சிருக்கறவனை."