ஆணித் துப்பாக்கியும் எழுந்திருக்காத மாப்பிள்ளையும்

பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அதிகமாக இருக்கும் இடத்தில் எந்தப் பொருளும் பழுதாகவே கூடாது. யாருக்கும் எதுவும் தெரியாத ஊர் என்றால், கடைக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்துகொண்டு வந்துவிடலாம். ஆவடியில் அது நடக்காது. எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பில் மிக்ஸி நின்றுபோனால் அந்த வீட்டம்மா சத்தம் காட்டாமல் அம்மியைக் கழுவுவார். வெளியே தெரிந்தால் அவ்வளவுதான். ராணுவ டாங்கிக்குச் சக்கரம் மாட்டுகிற கைகள் நாலு பக்கத்திலிருந்தும் ஸ்குரூ டிரைவரோடு வந்துவிடும். (மிக்ஸி அதற்குப் பிறகு ஓடும். மூடி போட்டால் மட்டும் ஓடாது.)

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாண வயது. குடியிருப்பை ஒட்டிய சந்தில் சாமி படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருந்தேன். அப்பா தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவு. அவரைப் பொறுத்தவரை வேலை என்றால் காலையில் சங்கு ஊத வேண்டும், கேட்டில் பாஸ் காட்ட வேண்டும். இரண்டும் இல்லாத என் பிழைப்பைப் பற்றி யாராவது விசாரித்தால், "ஏதோ கடை மாதிரி வச்சிருக்கான்" என்பார். அந்த 'மாதிரி'யைக் கேட்டுவிட்டு, காபி குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு போன பெண் வீட்டார் உண்டு.

அப்போதுதான் கொரட்டூரிலிருந்து வசந்தியின் ஜாதகம் வந்தது. கூடவே ஒரு புகைப்படம். அதைப் பார்த்த நாளிலிருந்து நான் போட்ட ஒரு ஃபிரேம்கூட நேராக வரவில்லை. அவளுடைய அப்பா தேவராஜன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னர். "பையனை அப்புறம் பார்க்கலாம், முதல்ல கடையைப் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெண்ணும் கூட வருவதாகச் சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருகிறார்கள். கடை பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் 'மாதிரி'.

கடையைப் பிடிக்கவைக்க என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த பெரியப்பா மகன் கொடுத்துவிட்டுப் போன ஆணித் துப்பாக்கி. கம்ப்ரஸரிலிருந்து டியூப் வழியாகக் காற்று வரும். மெல்லிய ஆணிகள் சீப்பு போல ஒட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே இருக்கும். மூக்கை மரத்தில் வைத்து அழுத்தி, விசையை இழுத்தால் 'டப்'. ஆணி மரத்துக்குள் போய்விடும். மூக்கை அழுத்தாமல் விசையை இழுத்தால் ஒன்றும் ஆகாது. அது பாதுகாப்புக்கான ஏற்பாடு. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை.)

ஞாயிறு மதியம் ஒத்திகை பார்த்தேன். ஆணி வளைந்து மூக்கில் சிக்கிக்கொண்டது. விசையை இழுத்தால் 'புஸ்' என்று பெருமூச்சு மட்டும் வந்தது. நான் செய்த தவறு, அதை அப்பாவிடம் சொன்னது. அப்பா செய்த தவறு, அதைப் பால் பூத் வாசலில் நின்று சொன்னது.

அப்பாவோடு முதலில் வந்தவர் ஏழுமலை. தொழிற்சாலையில் ஃபிட்டர், முத்தாபுதுப்பேட்டைக்காரர்.

"இன்னா நைனா, துப்பாக்கி மக்கர் பண்ணுதாமே? குடு இப்டி."

"அண்ணாத்தே, மூணு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"மூணு மணிக்குத்தான வராங்கோ? அதுக்குள்ள முட்ச்சி கைல குட்த்துடறேன். நீ குந்து."

அவர் பின்னாலேயே நெல்லையப்பன் வந்தார். திருநெல்வேலிக்காரர், இன்ஸ்பெக்ஷன் பிரிவு. இன்ஸ்பெக்ஷன்காரர்கள் தாங்களாக ஒரு ஸ்குரூவைக்கூடத் திருக மாட்டார்கள். மற்றவர்கள் திருகினால் சும்மா இருக்கவும் மாட்டார்கள்.

"ஏழுமல, என்ன கோளாறுன்னு மொதல்ல பாக்கணும்லா? பாக்காம கழட்டக் கூடாதுவே."

"கயட்டாம எப்டி பாக்கறது?"

கழற்றினார்கள். ஆணி சிக்கியிருந்தது முன்பக்கம். இவர்கள் திறந்தது பின்பக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூக்குலதான் சிக்கியிருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். "நோய் ஒரு எடத்துல கீது, வலி ஒரு எடத்துல கீது" என்றார் ஏழுமலை. ரப்பர் வளையங்கள், பிஸ்டன், ஸ்பிரிங்குகள் எல்லாம் செய்தித்தாள் மேல் பரவிக் கிடந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

தேவராஜன், அவருடைய அக்கா, பின்னால் வசந்தி. அக்காவின் கையில் துண்டு போட்டு மூடிய தாம்பாளம். நான் ஸ்டூலிலிருந்து எழுந்து வணக்கம் சொன்னேன். அதற்குப் பிறகு வெகுநேரம் நான் எழுந்து நிற்கவில்லை.

தேவராஜன் என்னைப் பார்க்கவில்லை. கடையைப் பார்க்கவில்லை. செய்தித்தாளைப் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பிஸ்டனா அது?" என்றபடி சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பெண்ணைப் பெற்றவர் போய் டர்னர் வந்துவிட்டார். பிறகு மூவரும் சேர்ந்து, எப்படிப் பழுது பார்ப்பது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். எங்கள் மெஷினில் இப்படி, உங்கள் கம்பெனியில் எப்படி, ஜெர்மன்காரன் ரப்பரே தனி.

"நாலரைக்கு ராகு காலம்" என்றார் அந்த அக்கா, வசந்தியின் அத்தை. யார் காதிலும் விழவில்லை.

வசந்தி சுவரில் மாட்டியிருந்த முருகனையும் லட்சுமியையும் பார்த்து முடித்தாள். பிறகு மெல்லக் குனிந்து துப்பாக்கியைப் பார்த்தாள்.

"அந்த மூக்குப் பக்கம் ஒரு கொக்கி இருக்கே, அது எதுக்கு?"

"நீ சும்மா இரும்மா" என்றார் தேவராஜன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர்கள் அன்று ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கடைசியில் பின்பக்கமாகச் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தி, வளைந்த ஆணியை வெளியே தள்ளினார்கள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்கள். செய்தித்தாளில் ஒரு சின்ன ஸ்பிரிங் மிச்சம் இருந்தது.

ஏழுமலை அதைப் பார்த்துவிட்டு, "ஃபாரின்காரன் எக்ஸ்ட்ரா ஒண்ணு போட்டு உட்டுக்கீறான்" என்றார். நெல்லையப்பன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது இல்லாமலும் ஓடும்" என்று பாஸ் செய்தார். தேவராஜன், "இருந்தாத்தான் தொந்தரவு, பிஸ்டனைப் பிடிச்சு இழுக்கும்" என்றார். அப்பா அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டோர்ஸ்காரர் மிச்சத்தை விடுவாரா?

அது மூக்கைப் பின்னாலிருந்து வெளியே தள்ளிப் பிடிக்கும் ஸ்பிரிங். அது இல்லாவிட்டால் மூக்கு எப்போதும் அழுத்திய நிலையிலேயே இருக்கும். அதாவது, பாதுகாப்பு அப்பாவின் பையில் இருந்தது.

"மாப்ள கையால ஆரம்பிக்கட்டும்" என்று துப்பாக்கியை என் மடியில் வைத்தார் ஏழுமலை. நானும் பெரிய ஆள் மாதிரி விசையில் விரலை வைத்துக்கொண்டேன். அவர் டியூபை மாட்டினார். 'டப்'. பயத்தில் விரல் துடித்தது. 'டப்', 'டப்'.

"வேல செய்து!" என்றார் ஏழுமலை. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். "ஆணி எங்கவே போச்சு?" என்று நெல்லையப்பன் குனிந்து தேடினார். தேவராஜன் மகாலட்சுமியின் பின்னால்கூடத் தேடினார்.

எனக்குத் தெரியும். அந்த வருடம் பேகி பேன்ட் காலம். ஒரு காலுக்குள் இரண்டு பேர் போகலாம். என் தொடைக்குச் சேதமில்லை. ஆனால் ஸ்டூலில் வழிந்து கிடந்த துணி மடிப்பு ஸ்டூலோடு சேர்ந்துவிட்டிருந்தது. மெல்ல எழ முயன்றேன். பின்தையலிலிருந்து 'டர்' என்று ஒரு சத்தம். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

"மணி நாலே கால்" என்றார் அத்தை. இந்த முறை குரல் ஓங்கியிருந்தது. "கடையைப் பார்த்தாச்சு, திருப்தி. இங்கயே சாமியெல்லாம் இருக்காங்க. தட்டை மாத்திக்கலாம். தம்பி, எழுந்து வந்து பெரியவங்க கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ."

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை கூப்பினேன்.

"எழுந்திருடா" என்றார் அப்பா.

"முடியாதுப்பா."

சொன்னால், தன் தொழில் கருவியாலேயே தன்னை ஸ்டூலில் அடித்துக்கொண்டவன். எவன் பெண் கொடுப்பான்? சொல்லாவிட்டால், பெரியவர்களுக்கு எழுந்து நிற்காத திமிர் பிடித்தவன். அவனுக்கும் எவன் கொடுப்பான்?

தேவராஜன் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தார். "விருப்பம் இல்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார் மெதுவாக. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வசந்தி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மதியம் முழுக்க என் பொருளை எல்லோரும் குடைவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தது இதற்குத்தானா?

குனிந்த தலை அப்படியே நின்றது. அவள் பார்வை தொடையை அழுத்திப் பிடித்திருந்த என் கைமேல் இருந்தது. ஸ்டூலின் பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க தேடுற ஆணி இங்க இருக்கு."

ஐயோ பாவம் என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மூன்று பேரும் புதையல் கிடைத்ததுபோல ஓடி வந்தார்கள். நெல்லையப்பன் விரலால் தடவி, "ஒரே ஆழம், ஒரே வரிசை. சுத்தமான வேல" என்றார். "நான் சொல்லல?" என்றார் ஏழுமலை. தேவராஜனுக்கு என்மேல் இருந்த வருத்தம் போன இடம் தெரியவில்லை. குறடு போட்டுப் பிடுங்கலாமா, ஸ்டூல் பலகையை அறுக்கலாமா என்று புது விவாதம் ஆரம்பமானது. (பலகைமேல் நான் இருந்தேன். அது விவாதத்தில் இடம்பெறவில்லை.)

"போதும் உங்க ரிப்பேர்" என்று அத்தை தாம்பாளத்துத் துண்டை விலக்கினார். வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில், மாப்பிள்ளைக்கென்று வாங்கிய புது வேட்டி. "பேன்ட்டை அங்கயே விட்டுட்டு இதைக் கட்டிக்கிட்டு வா."

ஃபிரேமுக்குப் பின்னால் வைக்கும் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றி நான்கு பெரியவர்கள் நின்றார்கள். வசந்தி முருகனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பேன்ட்டை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் எழுந்து வந்து, ராகு காலத்துக்குச் சற்று முன்னால் எல்லோர் காலிலும் விழுந்தேன்.

"இப்பதான் மாப்பிள்ளையா லட்சணமா இருக்கான்" என்றார் அத்தை.

முகூர்த்தத்தன்று நான் மணையில் உட்காரப் போனபோது மாமனார் குனிந்து அதைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அன்று தொடங்கியதுதான். கொரட்டூர் வீட்டில் எந்த விசேஷத்திலும் நான் உட்கார்ந்தால் யாராவது ஒருவர், "மாப்ளே, ஒரு தடவை எழுந்து காட்டிட்டு உக்காருங்க" என்பார்கள். என் மகள்கூட அதைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அந்த ஸ்பிரிங்கை அப்பாவிடமிருந்து கெஞ்சி வாங்கி மாட்டினேன். கல்யாணமான புதிதில் துப்பாக்கி மறுபடி சிக்கிக்கொண்டது. நான் ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தபோது வசந்தி காற்று டியூபைப் பிடுங்கிவிட்டு, மூக்கிலிருந்த கொக்கியை நகத்தால் தூக்கினாள். மூக்கு சின்னக் கதவு போலத் திறந்தது. வளைந்த ஆணி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"அன்னிக்கு இதைத்தான் கேட்டேன்" என்றாள்.

இன்றும் அது அவ்வப்போது சிக்கும். நான் யாரிடமும் சொல்வதில்லை, அவளைத்தான் கூப்பிடுவேன். அவள் சரிசெய்து முடிக்கும்வரை கடையில் எங்கேயும் உட்காரவும் மாட்டேன்.