ஏழு அலைக்கு முன் ஒரு விண்ணப்பம்

கெலிபியா,
ஜூலை 21, திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மாமா ஷாத்லி அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் நவ்ஃபல் ஸலாம் சொல்லி, நாற்காலியில் நேராக உட்கார்ந்து, பணிவுடன் எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையால் இங்கே நானும் தங்கள் மகள் சுஹைரும் பேத்தி ஜினானும் சுகம். மின்விசிறி மட்டும் சுகமில்லை. அங்கே தூனிஸ் பக்கம் கூலெத்தில் தாங்களும் அத்தையும், தங்கள் முழங்கால் நீங்கலாக, சுகமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் "மாமா" என்று ஆரம்பித்ததும் "சொல்லு மாப்பிள்ளை!" என்று ஒரு குரல் வருகிறதே, முப்பது வருஷம் துறைமுகத்தில் இழுவைக் கப்பலின் ஊதலோடு போட்டி போட்ட குரல், அதைக் கேட்டபின் எனக்கு நல்ல செய்தியே வாயில் வராது. இதுவோ நல்ல செய்தி அல்ல. அதனால் ஒரு கூடை சப்பாத்திக்கள்ளிப் பழத்தோடு இதைத் தூனிஸ் போகும் லுவாஜ் வாடகை வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலில் பழத்தைச் சாப்பிடுங்கள். இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.

விஷயம் இதுதான். தயவுசெய்து வெள்ளிக்கிழமை வர வேண்டாம்.

வெள்ளிக்கிழமை உச்சக் கோடையான அவுஸ்ஸு பிறக்கிறது, அன்று கடலில் இறங்கினால் வருஷம் முழுக்க நோய் அண்டாது, அதிலும் தங்கள் குடும்பத்தில் பிள்ளைக்கு மூன்று வயதாகும் அவுஸ்ஸுவில் தகப்பனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று ஏழு அலை வாங்க வேண்டும், தங்கள் தகப்பனார் தங்களுக்குச் செய்தார், தாங்கள் சுஹைருக்குச் செய்தீர்கள், இப்போது ஜினான் முறை, தகப்பன் நான். எல்லாம் தெரியும். "வராதீர்கள்" என்பதற்கு முதல் தாளில் "கடலில் சொறிமீன் அதிகம்" என்று காரணம் எழுதினேன். தாங்கள் சொறிமீனைக் கையால் எடுத்து அப்பால் வீசுகிற ஆள் என்பது நினைவுக்கு வந்ததும் கிழித்துப் போட்டேன். இரண்டாம் தாளில் ஜினானுக்குக் கடும் சளி, தொண்டை கட்டிவிட்டது என்று எழுதிக்கொண்டிருந்தபோது அவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து தெருவே திரும்பிப் பார்க்கும்படி பாடிக்கொண்டிருந்தாள். இது மூன்றாவது தாள். இதில் உண்மையைத்தான் எழுத வேண்டும், வேறு தாள் வீட்டில் இல்லை.

மாமா, எனக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் போகட்டும், முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே எனக்கு மூச்சு வராது. நான் கேஃப் ஊர்க்காரன், மலையில் பிறந்தவன், எனக்குத் தெரிந்த அதிகபட்ச ஆழம் குளியலறை வாளி. நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் என் தோளைத் தட்டி "நீச்சல் எப்படி மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். "மீன் மாதிரி மாமா" என்றேன். எந்த மீன் என்று தாங்கள் கேட்கவில்லை. நான் சொன்னது அப்போது என் தட்டில் கிடந்த மீனை. அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதல் வருஷம் காதுவலி. அடுத்த வருஷம் சுஹைர் முழுகாமல் இருந்தாள், அவளுக்குத் துணையாக நானும் முழுகவில்லை. அப்புறம் ஜினான் கைக்குழந்தை. போன வருஷம் நகராட்சியில் தணிக்கை என்று சொன்னேன். பிறப்புப் பதிவேட்டுப் பிரிவில் ஜூலை மாதம் என்ன தணிக்கை என்று தாங்கள் கேட்காதது தங்கள் பெருந்தன்மை.

இந்த வருஷம்தான் மாட்டிக்கொண்டேன். கோடைக்கு எங்கள் அலுவலகம் இரண்டு மணிக்கே மூடிவிடுகிறது. மழலையர் பள்ளிக்கோ விடுமுறை. சுஹைருக்கு மருந்துக்கடையில் ஏழு மணி வரை வேலை, வெயிலில் வெந்து வருகிற உல்லாசப் பயணிகளுக்குக் களிம்பு விற்றே அவள் கை தேய்ந்துவிட்டது. ஆகவே மதியம் வரை ஜினானைப் பக்கத்து வீட்டு வஸீலா அக்கா பார்த்துக்கொள்வார், இரண்டிலிருந்து ஏழு வரை நான். தினமும் காலையில் சுஹைர் வாசலில் நின்று "நாலு மணிக்கு மேல கடலுக்குக் கூட்டிட்டுப் போ, தொப்பி மறக்காத" என்பாள், நான் "ஆகட்டும்" என்பேன், நாலு மணிக்கு மேல் நாங்கள் ஐஸ்கிரீம் கடைக்குப் போவோம், மீன் சந்தைப் பூனைகளை எண்ணுவோம், பிறகு மொட்டை மாடிக்கு வந்து, ஒரு நீலத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டு "ஜினான், கடல் வந்தாச்சு!" என்பேன். அவள் குதித்து இறங்குவாள். அவளுடைய நீச்சல் உடையை அந்தத் தொட்டியிலேயே நனைத்துக் கொடியில் காயப் போடுவேன். ஒரு டப்பா நிறையக் கடற்கரை மணல் வாங்கி வைத்திருந்தேன், தினம் அரைக் கரண்டி எடுத்து அவள் செருப்பில் தூவுவேன். ஞாயிற்றுக்கிழமைகளை மற்றவர்களுடைய கல்யாணங்கள் காப்பாற்றின, கோடையில் இந்த நாட்டில் கல்யாணத்துக்குக் குறைவா? ஒரே ஒரு சிக்கல், எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் நிஜக் கடல் தெரியும். "அது என்னப்பா, நீலமா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். "அது வானத்தோட அடிப்பாகம்மா" என்றேன். நம்பினாள் மாமா. 

போன புதன்கிழமை மத்தியானம் நல்ல வெயில், நான் ஜினானைத் தட்டித் தட்டித் தூங்க வைக்கப் பார்த்தேன், அவள் என்னைத் தட்டித் தட்டித் தூங்க வைத்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்து வஸீலா அக்கா எங்கள் பொது மாடியில் வெள்ளை விரிப்புகளைப் போட்டு வருஷத்துக்கான குஸ்குஸை வெயிலில் காயவைத்திருக்கிறார். நாலு பெண்கள் நாலு நாள் உட்கார்ந்து ரவையில் உருட்டியது. மஞ்சளாக, பொடிப்பொடியாக, மாடி முழுக்க. ஜினான் வாளியும் கரண்டியும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள். டப்பா மணலைத் தவிர வேறு மணலை அறியாத பிள்ளை என்ன நினைக்கும்? தொட்டியிலிருந்து கடலை வாளி வாளியாக மொண்டு வந்து ஊற்றிப் பிசைந்து ஒரு கோட்டையே கட்டிவிட்டாள்.

"நவ்ஃபலு! அடேய் நவ்ஃபலு! மேல வா, உன் மவ ராஜ்யம் பண்றதைப் பாரு!" என்ற அலறலில்தான் எழுந்தேன். ஓடினேன். ஜினான் தலையிலிருந்து கால் வரை குஸ்குஸ். "அப்பா, வஸீலா அத்தை கடற்கரை கொண்டாந்திருக்காங்க!" என்றாள் சந்தோஷமாக.

வஸீலா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏன்டா, கூப்பிடு தூரத்துல கடல் கிடக்கு. தினம் போற புள்ள என் குஸ்குஸ்ல எதுக்குடா வந்து கோட்டை கட்டுது? நீ கூட்டிட்டுப் போற கடல் எங்கடா இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜினான் நீலத் தொட்டியைக் கை காட்டினாள். "இதோ, இதான் கடல். அப்பாதான் உப்புப் போட்டாரு."

அன்று ஏழு மணிக்கு வந்த சுஹைரிடம் வஸீலா அக்கா படியிலேயே வைத்துச் சொல்லிவிட்டார். சுஹைர் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிழைத்தேன் என்று நினைத்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உனக்கு நீச்சல் தெரியாதுன்னு அஞ்சு வருஷமா எனக்குத் தெரியும்டா. எங்கப்பாதான் தெரியாம இருக்காரு. அதுக்காக எம் பொண்ணு கெலிபியால பொறந்து தொட்டியில வளரணுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணியில இறங்கு. இல்ல, எங்கப்பாகிட்ட நீயே சொல்லு."

மூன்று சாயங்காலம் வஸீலா அக்கா வீட்டில் உட்கார்ந்து புது குஸ்குஸ் உருட்டினேன். தண்டனை என்று சொல்லித்தான் உட்கார வைத்தார். மூன்றாம் நாள், "கை நல்லாத்தான் இருக்கு, காலுதான் தொடை நடுங்கிக் காலு" என்று இரக்கப்பட்டு, நேற்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவரையும் தானே கடலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். குடை, பாய், ஒரு பானை மக்ரோனி, ஒரு பெரிய தர்பூசணி. கடலைப் பார்த்ததும் ஜினான் நின்றுவிட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து மெதுவாகக் கேட்டாள்: "இவ்ளோ உப்பும் நீயாப்பா போட்ட?"

மாமா, நான் அழுதேன், மறைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. தர்பூசணியைக் குளிர வைக்க வஸீலா அக்கா அலை வந்து போகிற இடத்தில் ஈர மணலில் பாதி புதைத்து வைத்தார். எல்லோரும் மக்ரோனியில் கவனமாக இருந்தபோது ஒரு அலை வந்து பழத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. "என் பழம்!" என்று கத்திக்கொண்டு ஜினான் பின்னாலேயே ஓடினாள். நான் யோசிக்கவில்லை மாமா, தட்டு ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். இரண்டாவது அடியிலேயே சுஹைர் அவளைத் தூக்கிக்கொண்டது எனக்குத் தெரியாது, திரும்பிப் பார்த்தால்தானே? கண்ணை மூடிக்கொண்டு போனேன், கையில் உருண்டையாக ஏதோ பட்டது, கட்டிப்பிடித்தேன், அது பழம். பழம் மிதந்தது. பழத்தைக் கட்டிப்பிடித்திருந்ததால் நானும் மிதந்தேன். "ஜினான்! ஜினான்!" என்று அலறினேனாம். வஸீலா அக்கா வீட்டு கவுனோடு அப்படியே நீந்தி வந்தார்.

"பழத்தை விடுடா!"

"விட்டா நான் போயிடுவேன் அக்கா!"

"எங்கடா போவ? முழங்காலை மடக்கி வச்சிருக்க. காலை ஊன்று!"

ஊன்றினேன். தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. கரையில் இருபது குடும்பம் கை தட்டியது. ஜினான் அம்மா இடுப்பில் இருந்தபடி, "பழம் நல்லா நீந்துச்சு" என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இடுப்பளவுதான் என்று தெரிந்த பிறகும் என் கால் நடுக்கம் நிற்கவில்லை, வஸீலா அக்கா கையைப் பிடித்துத்தான் கரை ஏறினேன். ஆகவேதான் மாமா, வெள்ளிக்கிழமை வேண்டாம் என்கிறேன். தாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் பிள்ளையோடு முழங்காலளவில் நின்றுவிட்டால் தங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வேறு யாராவது தூக்கிக்கொண்டு போகட்டும் என்று சுஹைரிடம் சொல்லவும் வாய் வந்தது, மனசு வரவில்லை. ஜினானுடைய அந்த ஏழு அலை என் கையிலிருந்துதான் அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை இருக்கிறது. ஆசை இருக்கிறது, மூச்சுதான் இல்லை. அவுஸ்ஸு நாற்பது நாள் இருக்கும் என்கிறார்கள். கடைசி நாளுக்கு வாருங்கள், அதற்குள் எப்படியாவது தேறிவிடுகிறேன். ஐந்து வருஷம் பொய் சொன்னதற்கு மன்னியுங்கள். மற்றபடி தங்கள் மகளை நான் நன்றாகத்தான் வைத்திருக்கிறேன்.

இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், முழங்காலுக்கு ஆறுதலையும், இதைப் படிக்கும் நேரத்தில் பொறுமையையும் தருவானாக. அத்தைக்கு என் ஸலாம். ஜினான் தங்கள் மீசைக்குத் தனியாக ஒரு முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தாங்கள் நம்பிப் பெண் கொடுத்த
நவ்ஃபல்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். எழுத்து கலைந்திருப்பதற்கும் மன்னிக்க வேண்டும், கடிதம் என் கால்சட்டைப் பையில் இருந்தது. ஜினானைக் கூட்டிக்கொண்டு லுவாஜ் நிலையத்துக்குப் போனேன். வண்டியில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எட்டாவது ஆள் வந்தால்தான் எடுப்பேன் என்றார் வண்டிக்காரர். சரி, அதுவரை கடலைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். தண்ணீருக்குப் பக்கத்தில் வந்ததும் ஜினான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு கையையும் உயர்த்தி "தூக்கு" என்றாள். தூக்கினேன். "உள்ள போ" என்றாள். போனேன். முழங்காலில் மூச்சு நின்றது. "அப்பா, கண்ணைத் திற. நான் புடிச்சிருக்கேன்ல" என்று என் காதைப் பிடித்துக்கொண்டாள். திறந்தேன். நான் அலுவலகக் கால்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அலை வந்தது, அவள் "ஒண்ணு!" என்று கத்தினாள். அவளுக்கு நாலு வரைக்கும்தான் எண்ணத் தெரியும், நாலுக்கப்புறம் மறுபடி ஒண்ணு. ஏழு வரவே இல்லை மாமா. எத்தனை அலை வாங்கினோம் என்று இறைவனுக்குத்தான் தெரியும், வண்டியே போய்விட்டது, இதை அடுத்த வண்டியில் அனுப்புகிறேன்.

அவுஸ்ஸு பிறக்காமல் வாங்கியது கணக்கில் வராது என்கிறாள் சுஹைர். அதனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே அத்தையோடு வந்துவிடுங்கள். ஜினானை எண்ண விடாமல் நீங்களே ஏழு வரைக்கும் எண்ணுங்கள். அவளை நான் ஒரு கையால் தூக்கிக்கொள்கிறேன். இன்னொரு கையை மட்டும், கரையில் யாருக்கும் தெரியாமல், தண்ணீருக்கு அடியில் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.