கிரைண்டர் இழுக்காத ஜெனரேட்டர்

கோச்சடையில் தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன கரண்ட் எட்டு மணிக்குத்தான் திரும்பி வரும் என்றிருந்த வருஷம் அது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா கருத்தக்கண்ணன் ஜெனரேட்டர் வாங்குவதென்று முடிவெடுத்தார். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவராக எடுத்த முதல் முடிவு.

காரணம் இருந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் சாய்வு நாற்காலியில் கிடந்து துப்பறியும் நாவல் படிப்பது அவருடைய ஒரே சுகம். அதே நேரத்தில்தான் மனைவி சோலையம்மாள் கிரைண்டரைப் போடுவாள். தெருவில் பன்னிரண்டு வீட்டுக்கு இட்லி மாவு அவள்தான். கரண்ட் இருந்தால் காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, அமைதி இல்லை. கரண்ட் போனால் அமைதி மட்டும் உண்டு. அதையும் கொசுக்கள் கெடுத்துவிடும்.

சின்னதாக ஒரு ஜெனரேட்டர் வந்தால் ஒரு ஃபேன், இரண்டு ட்யூப் லைட் ஓடும். கிரைண்டர் ஓடாது. தினம் இரண்டு மணி நேரம் காற்றும் வெளிச்சமும் அமைதியும் ஒரே வீட்டில். நினைத்தபோதே அவருக்குக் கண் சொக்கியது.

"கிரைண்டர் இழுக்குமாங்க?" என்று கேட்டாள் சோலையம்மாள். அன்றைக்கும் பாதி ஆட்டின உளுந்து கல்லோடு கல்லாக நின்றிருந்தது.

"அது எப்படிப் புள்ள இழுக்கும்? அதுக்கு லாரி சைசுல வேணும்."

"அம்புட்டுப் பெருசா?"

"அம்புட்டுப் பெருசு."

"சரிங்க. ஒங்களுக்குத் தெரியாததா."

அவள் இத்தனை சீக்கிரம் எதற்குமே ஒத்துக்கொண்டதில்லை. மாசம் நாலு துப்பறியும் நாவல் படிக்கிற மனுஷர் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். அவரோ விசில் அடித்துக்கொண்டு குளிக்கப் போனார்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, டவுன் ஹால் ரோட்டில் பக்கீர் முகமதுவின் கடைக்குப் போனார்.

"இருக்கிறதுலயே சின்னதாக் காட்டுங்க பாய்."

பாய் தோல்பெட்டி அளவில் ஒன்றைத் தூக்கி வைத்துக் கயிற்றைச் சுண்டினார். அது போட்ட சத்தத்தில் எதிர்க்கடைத் தராசுத் தட்டுகள் தானாக ஆடின. ரோட்டில் போன பஸ் ஒன்று, பின்னால் லாரி வருகிறதென்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டது.

"நிறுத்துங்க பாய். இதுக்கு எங்க வீட்டுக் கிரைண்டரே தேவல."

"சின்னது அப்படித்தாண்ணே, கத்தும். இதப் பாருங்க." பாய் பெரியது ஒன்றின் கயிற்றை இழுத்தார். சத்தம் அடக்கமாக வந்தது. கொல்லையில் வைத்தால் கூடத்தில் கேட்காது.

கருத்தக்கண்ணன் குரலைத் தாழ்த்தினார். "இது கிரைண்டர் இழுக்குமா?"

"நல்லா இழுக்கும்."

"அதுதான் பாய் சிக்கலு."

"வீட்டுல நீங்க சொன்னாத்தானண்ணே தெரியும்?"

கருத்தக்கண்ணனுக்கு பாயைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரியதையே எடுத்தார்.

சனிக்கிழமை மெஷின் வந்து இறங்கியது. ஆறு மணிக்குக் கரண்ட் போனது. கொல்லையில் வைத்துக் கயிற்றை இழுத்தார்; மூன்றாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஃபேன் சுற்றியது. நாற்காலியில் சாய்ந்து, நாலு பக்கம் படித்திருப்பார். அடுப்படியில் தடதடவென்று கிரைண்டர் ஓடியது.

எழுந்து போனார். "இழுக்காதுன்னு சொன்னேன்ல?"

"நீங்க சொன்னீங்க. மெஷினு கேக்கலையே." சோலையம்மாள் உளுந்தைத் தள்ளிவிட்டபடியே பேசினாள்.

"பாய் வந்து சொல்லிட்டாரா?"

"அவரு எங்க சொன்னாரு? நாந்தான் அவருகிட்டச் சொன்னேன். அவரு வீட்டுக்கார அம்மா ஜெயினம்பு நம்மகிட்டதான மாவு வாங்குது? நீங்களும் அங்கதான் போவீங்கன்னு தெரியும். நீங்க வியாழக்கெழம போனீங்க. நான் செவ்வாக்கெழமையே போயி, எது கிரைண்டர் இழுக்கும்னு பாத்து வச்சுட்டு வந்துட்டேன்."

"அப்ப அந்தச் சின்ன மெஷினு?"

"அதுவும் நல்ல மெஷினுதாங்க. சைலன்சரக் கழட்டி வைக்கச் சொன்னேன்."

கருத்தக்கண்ணன் கையிலிருந்த நாவலை மூடினார்.

"அந்தக் கயிற இழுக்க ஆம்பளக் கை வேணும்ங்க. எனக்கு வராது" என்றாள் அவள். அதில் அவருக்குக் கொஞ்சம் மனசு ஆறியது.

மூன்றே மாசத்தில் பன்னிரண்டு வீடு நாற்பது வீடானது. விளாங்குடியிலிருந்துகூட ஆள் வந்தது. சோலையம்மாள் இரண்டாவது கிரைண்டருக்குச் சொல்லி வைத்திருந்தாள். அவரும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் பண்ணப் பழகிவிட்டார். அதை ஆபீசில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதும் உண்டு.

ஒரு நாள் பஸ் கிடைக்காமல் ஆறரை மணிக்குத்தான் தெருமுனைக்கு வந்தார். வாசலில் தூக்குவாளியோடு இருபது பேர் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரைக் கண்டதும் எல்லார் முகமும் மலர்ந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீசில் இப்படியொரு வரவேற்பு அவருக்குக் கிடைத்ததில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

பக்கத்து வீட்டு ஒச்சாயி உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, உளுந்த அள்ளிப் போடுங்க. கயிறு இழுக்குற ஆளு வந்துருச்சு."