இதர செலவுகள்

“லாபம் ஏறியிருக்கு. ஆனா காசு குறைஞ்சிருக்கு,” என்றார் புரூஃப்காரர்.

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். “யாரோட காசு?”

“கம்பெனியோட காசு.”

“கம்பெனில போட்டிருக்கிறது என் காசு. அது இருக்கா இல்லையா?”

“லாபமா இருக்கு. காசா இல்ல.”

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்படிப்பட்ட பேச்சை நின்றுகொண்டு கேட்க முடியாது.

அவர் பாடப்புத்தகம் போடும் பதிப்பகத்தில் பத்தொன்பது வருஷமாக மெய்ப்புப் பார்ப்பவர். அலுவலகத்திலும் தெருவிலும் அவருக்குப் புரூஃப்காரர் என்றுதான் பெயர். அச்சடித்த காகிதம் எது கண்ணில் பட்டாலும் சிவப்புப் பேனாவைத் திறந்துவிடுவார். மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, தீக்குச்சிப் பெட்டி எதுவும் தப்பாது.

மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் முட்டியை மடக்கி நீட்டிச் சேர்த்த பணம் அவளிடம் இருந்தது. சொந்தமாக ஒரு கிளினிக், ஒரே ஒரு அறை, வாசலில் தன் பெயர்ப் பலகை. அவள் ஆசை அவ்வளவுதான். பணம் போதவில்லை. கொஞ்சம் வளரட்டும் என்று, அவள் அண்ணன் பேச்சைக் கேட்டு, மொத்தத்தையும் ஒரு பூட்டுக் கம்பெனியின் பங்குகளில் போட்டார்கள்.

“மாப்ளே, உலகத்துல கடைசித் திருடன் இருக்கிற வரைக்கும் பூட்டுக் கம்பெனி படுக்காது,” என்று மச்சான் அன்றைக்குச் சொன்னார். மறுக்க முடியாத வாதம்.

ஒரு வருஷம் நிம்மதியாகத்தான் போயிற்று. பிறகு தபாலில் ஆண்டறிக்கை வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், வழவழப்பான தாள். மற்ற பங்குதாரர்கள் அதைச் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைத்திருப்பார்கள். புரூஃப்காரர் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். அது அவர் தொழில் பழக்கம். முதல் பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால் அங்கே பிழை இருக்காது. பிழையெல்லாம் பின்னால் பொடி எழுத்தில்தான் பதுங்கியிருக்கும்.

“லாபம் இருக்கும்போது காசு எப்படி இல்லாம போகும்?” என்று கேட்டாள் மனைவி.

“பூட்டை வித்துட்டான். வாங்கினவன் இன்னும் பணம் தரல. ஆனா வித்த அன்னைக்கே லாபம்னு எழுதிட்டான்.”

“அப்படி எழுதலாமா?”

“எழுதலாமாம். அதைவிட இது பாரு, அறுபத்தெட்டாம் பக்கம். மெஷினுக்கெல்லாம் ஆயுள் பத்து வருஷம்னு வெச்சிருந்தாங்க. இந்த வருஷம் பதினஞ்சுன்னு மாத்திட்டாங்க. தேய்மானம்னு வருஷா வருஷம் கழிக்கிற தொகை குறைஞ்சு லாபம் கூடிப்போச்சு.”

“ஒரே ராத்திரில அஞ்சு வருஷம் ஆயுள் கூட்டின டாக்டர் யாருன்னு கேளுங்க. என் பேஷன்ட்டையெல்லாம் அவர்கிட்ட அனுப்பறேன்.”

அவள் கிண்டலாகச் சொன்னாள். புரூஃப்காரர் அதைக் கேள்வியாகக் குறித்துக்கொண்டார். அன்று மாலையே கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். மொத்தம் ஏழு கேள்விகள்.

மூன்று வாரத்தில் ஒரு பக்கப் பதில் வந்தது. பாக்கிப் பணம் கணக்கு முடிந்த மறுவாரமே வசூலாகிவிட்டது. மெஷின்களைப் பொறியாளர் பரிசோதித்துச் சான்று கொடுத்திருக்கிறார். காண்க: இணைப்பு நான்கு.

“அப்பாடா,” என்றாள் மனைவி.

“இணைப்பு நாலு எங்க?” என்றார் புரூஃப்காரர்.

உறையைக் கிழித்து உள்ளே பார்த்தார். உதறிப் பார்த்தார். இணைப்பு ஒன்று, இரண்டு, மூன்று இருந்தன. நான்கு இல்லை. யாரோ ஒரு குமாஸ்தா மறந்திருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருஷ அனுபவத்தில் காணாமல் போன பக்கத்தை அவர் ஒருமுறைகூட மன்னித்ததில்லை. இரண்டாவது கடிதம் போயிற்று. பதினோரு கேள்விகள்.

பதில் வந்தது. இணைப்பு நான்கும் வந்தது. அதில் பொறியாளரின் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. மூன்றாவது கடிதம் போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் மாடி வீட்டு ஆடிட்டர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். புரூஃப்காரர் ஆண்டறிக்கையோடு படியேறிப் போய்த் தன் குழப்பத்தைச் சொன்னார்.

ஆடிட்டர் கண்ணாடியைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை. “எழுதியிருக்கிறதைப் படிக்கிறவன் வாசகன் சார். எழுதாம விட்டதைப் படிக்கிறவன்தான் முதலீட்டாளன்.” சொல்லிவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்.

யாருக்கு எதைச் சொல்வது என்று ஒரு கணக்கு வேண்டாமா? எழுதியிருப்பது நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எழுதாமல் விட்டதற்கு எல்லை ஏது? புரூஃப்காரர் அந்த வாரம் முழுக்க, கம்பெனி எவற்றையெல்லாம் எழுதவில்லை என்று பட்டியல் போட்டார். திரும்பி வந்த பூட்டுகள் எத்தனை? அவற்றில் சாவி நுழையாதவை எத்தனை, நுழைந்து வராதவை எத்தனை? நான்காவது கடிதத்தில் அறுபத்து நான்கு கேள்விகள் இருந்தன.

“இது லெட்டரா, வினாத்தாளா?” என்றாள் மனைவி.

“உன் காசு. கண்ணை மூடிட்டு இருக்கச் சொல்றியா?”

அவளே தபால்தலையை எடுத்துக் கொடுத்தாள். அவள் காசுதான்.

பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்துக்கும் போனார். வழக்கமாக ஒன்பது நிமிஷத்தில் முடிகிற கூட்டம் அது. வந்த இருபது பேரும் பிஸ்கட்டுக்கு வந்தவர்கள். புரூஃப்காரர் மைக்கைப் பிடித்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்தும் அவர் முப்பத்தெட்டாம் பக்க அடிக்குறிப்பில்தான் இருந்தார். பின்வரிசையில் ஒருவர் தூங்கிச் சரிந்து, பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் விழுந்தார். கம்பெனித் தலைவர், சின்ன உருவம், வியர்த்துப்போய் எழுந்து கும்பிட்டார்.

“சார், எல்லாத்தையும் எழுத்துல குடுத்துடுங்க. ஒண்ணு விடாம பதில் வரும். அதுக்கு நான் பொறுப்பு.”

கூட்டம் முழுவதும் கைதட்டியது. பாராட்டு என்று எண்ணிப் புரூஃப்காரரும் தலையசைத்தார்.

தலைவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு பதில்கள் மூன்று வாரம் எடுக்கவில்லை. நாலே நாளில் வந்தன. தட்டச்சு செய்து, பொருளடக்கம் போட்டு, சுருள் கம்பி கோத்து வந்தன. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதுதான் அவர் சந்தேகத்தைக் கிளப்பியது.

“இவ்வளவு சுத்தமா பதில் சொல்றான்னா ஏதோ பெருசா மறைக்கிறான்.”

“போன தடவ இணைப்பு இல்லன்னு சந்தேகப்பட்டீங்க. இப்ப எல்லாம் இருக்குன்னு சந்தேகப்படறீங்களா?”

“ரெண்டும் சந்தேகம்தான். இது வேற ரகம்.”

அரையாண்டுக் கணக்கு வெளியானபோது அவர் சந்தேகத்துக்குத் தீனி கிடைத்தது. பூட்டு விற்பனை கூடியிருந்தது. இரும்பு விலை குறைந்திருந்தது. ஆனாலும் லாபம் குறைவு. காரணம் ஒரே ஒரு வரி: இதர செலவுகள். போன வருஷம் முழுவதற்கும் சேர்த்து ஆறு லட்சம். இப்போது ஆறே மாதத்தில் ஒன்பது லட்சம்.

பங்கு விலை விழுந்தது. மச்சான் போன் செய்தார்.

“மாப்ளே, என்ன நடக்குது?”

“இதர செலவுகள் எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன் மச்சான். தொண்ணூத்தொண்ணாம் பக்கம் பாருங்க. அட்டைப்பெட்டி சப்ளை பண்றது யாரு? தலைவரோட பொண்டாட்டிக்கு அண்ணன். எந்தக் குடும்பத்துலயும் பணம் அந்த ஒரு வழியாத்தான் ஒழுகும்.”

எதிர்முனையில் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“மச்சான்?”

“நானும் உங்க பொண்டாட்டிக்கு அண்ணன்தான் மாப்ளே,” என்று சொல்லி மச்சான் போனை வைத்தார். அதன் பிறகு இரண்டு மாதம் பேசவில்லை. மனைவி இவரோடு நான்கு நாள் பேசவில்லை. புரூஃப்காரர் அந்த நான்கு நாளில் அட்டைப்பெட்டியின் தடிமன், ஒட்டு, மூலை மடிப்பு பற்றி நாற்பது கேள்வி எழுதினார். பதில் நாலாம் நாள் வந்தது. கூடவே மாதிரிக்கு மூன்று அட்டைப்பெட்டிகளும் வந்தன. விலை சந்தையைவிடக் குறைவு. பெட்டி நன்றாகவே இருந்தது. மனைவி அதில் பழைய துணிகளைப் போட்டுவைத்தாள்.

கிணறு வெட்டக் கிளம்பியவருக்குப் பூதமும் கிடைக்கவில்லை, தண்ணீரும் கிடைக்கவில்லை. இதர செலவுகள் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தன.

அடுத்த ஆண்டறிக்கை வந்தது. நாற்பது லட்சமாக இருந்த லாபம் இருபத்திரண்டாக இளைத்துக் கிடந்தது. இதர செலவுகள் இருபத்து நான்கு லட்சம். அதன் விவரம், நூற்று மூன்றாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில்: ‘சிறப்புச் சேவைப் பிரிவு — பதினெட்டு லட்சம்.’ என்ன சேவை, யாருக்குச் சிறப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

அதே வாரம் மனைவிக்கு அறை கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில், தரைத்தளம், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் வாசல். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் முன்பணம் தர வேண்டும். இல்லாவிட்டால் செல்போன் கடைக்காரர் ஒருவர் தயாராக நிற்கிறார்.

இப்போது விற்றால் முன்பணத்துக்கு மட்டும் சரியாக இருக்கும். கட்டில், கருவிகளுக்கு எதுவும் மிஞ்சாது. விற்காமல் வைத்திருந்தால் விலை மீளலாம். அல்லது சிறப்புச் சேவைப் பிரிவு மீதியையும் தின்று ஏப்பம் விடலாம்.

“விக்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க,” என்றாள் மனைவி.

“இன்னும் கொஞ்சம் தகவல்…”

“ஒரு வருஷமா ராப்பகலா படிக்கறீங்க. ஒரு அலமாரி நிறைய லெட்டர் இருக்கு. இன்னும் உங்களுக்குத் தெரியலன்னா யாருக்குத்தான் தெரியும்?” அவள் குரல் உடைந்தது. “நான் ஒண்ணும் மாளிகை கேக்கலங்க. ஒரு ரூம் கேட்டேன்.”

புரூஃப்காரர் சிவப்புப் பேனாவை மூடிவைத்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் கேட்டது அந்த ஒரு அறைதான். அதற்குக்கூட ஆம், இல்லை என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, ஆண்டறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்து ஏறினார். கடிதம் எழுதிப் பயனில்லை. அந்தப் பிரிவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அது போலியாக இருந்தால் உடனே விற்பது. உண்மையாக இருந்தால் வைத்திருப்பது.

கம்பெனி அலுவலகம் தொழிற்சாலைக்கு மேலேயே இருந்தது. கீழே பூட்டுகளுக்குத் துளையிடும் சத்தம் காதைக் கிழித்தது. மாடியில் வராந்தாக் கடைசியில் ஒரு கதவு. ‘சிறப்புச் சேவைப் பிரிவு’ என்று புதுப் பெயர்ப்பலகை. பூட்டியிருக்கும், உள்ளே தூசியும் காலி நாற்காலியும்தான் இருக்கும் என்று உறுதியாக நினைத்துக் கதவைத் தள்ளினார்.

ஐந்து பேர் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்கக் கோப்புகள். ஒருவர் பூட்டைப் பிரித்துப் போட்டு எதையோ அளந்துகொண்டிருந்தார். ஒருவர் சுருள் கம்பி கோத்துக்கொண்டிருந்தார். வாசலை ஒட்டிய மேஜையில் இருந்த பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

“சொல்லுங்க சார்.”

“நான் ஒரு பங்குதாரர். இந்தப் பிரிவு என்ன வேலை செய்யுது?”

“பங்குதாரர்கள் கேக்கற கேள்விக்குப் பதில் தயார் பண்றோம் சார்.”

புரூஃப்காரர் திகைத்து நின்றார். சுற்றிப் பார்த்தார். போலி இல்லை. தலைவரின் மச்சானும் இல்லை. நிஜமான மனிதர்கள், நிஜமான வேலை. ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் மெல்ல இறங்கியது. வாய்விட்டுச் சிரித்தேவிட்டார்.

“இதை அறிக்கையிலயே ஒரு வரி எழுதியிருக்கலாமேம்மா! கம்பெனிக்கு மொத்தம் நாலாயிரம் பங்குதாரர். நீங்க அஞ்சு பேர். ஆளுக்கு எண்ணூறு பேரைப் பாத்துக்கறீங்க. பதினெட்டு லட்சம் ஞாயம்தான். சொல்லப்போனா கம்மி.”

மனைவிக்குச் சொல்லிவிடலாம் என்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். விற்க வேண்டாம், எல்லாம் சரியாக இருக்கிறது, முன்பணத்துக்கு மச்சான் காலில் விழுந்தாவது ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

“உங்க பேரும் பங்குதாரர் எண்ணும் சொல்லுங்க சார், பதிவு பண்ணிக்கறேன்,” என்றாள் அந்தப் பெண்.

சொன்னார்.

சுருள் கம்பி கோத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பூட்டை அளந்தவர் எழுந்து நின்றார். அந்தப் பெண் தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டாள்.

“உக்காருங்க சார். மத்த பங்குதாரர் யாரும் எங்களுக்கு எழுதறதே இல்ல. நாங்க அஞ்சு பேரும் உங்க ஒருத்தருக்குத்தான்.”